கண்ணைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டரை ஆரம்பத்திலிருந்து ஷிப்மென்ட் வரை பின்தொடரும் வேலை) இருக்கிறேன். வயது 36. வேலை நன்றாகத் தெரியும், பேச்சில்தான் தகராறு. சாயப்பட்டறைக்காரரும் பவர்டேபிள் (தையல்) கான்ட்ராக்டரும் "நாளைக்கு ஆயிருமுங்க" என்கிறார்கள், ஆவதில்லை. கடைசியில் கத்திவிடுகிறேன். யாருமே என் பேச்சைக் கேட்பதில்லை. எம்.டி.க்கு என்னைக் கண்டாலே பிடிக்காது. மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் "உங்க ஆர்டர் எப்பவுமே லேட்" என்பார். எனக்கு வாய் அடைத்துப்போகும். வெளிநாட்டு பையரோடு வீடியோ காலிலும் திணறுகிறேன். போன மாதம் ஒரு பயிற்சியாளர் கம்பெனிக்கு வந்து நியூரோ லிங்குயிஸ்டிக் புரோகிராமிங், சுருக்கமாக என்.எல்.பி., பற்றி ஒரு மணி நேரம் பேசினார். எதிரில் இருப்பவரின் கண் போகும் திசையை வைத்தே பொய்யைக் கண்டுபிடிக்கலாம், அவர் பார்வையால் யோசிப்பவரா காதால் யோசிப்பவரா என்று தெரிந்து பேசினால் யாரையும் நம் வழிக்குக் கொண்டுவரலாம் என்றார். கோவையில் ஒரு ஹோட்டலில் 2 நாள் வகுப்பு, சர்டிஃபிகேட்டோடு 22,000 ரூபாய். வெட்டிச் செலவு என்கிறார் என் கணவர். போகலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். அதற்காக எல்லாமே வெட்டி என்று உங்கள் கணவரோடு சேர்ந்துகொள்ளவும் மாட்டேன். என்.எல்.பி.யில் உங்கள் வேலைக்கென்றே செய்தது போன்ற ஒரு பகுதி இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், உங்கள் கடிதத்தைப் பார்த்தால் பயிற்சியாளர் அதைத் தொட்டதாகவே தெரியவில்லை. கூட்டம் வாயைப் பிளக்கும் சரக்கை மட்டும் கடை பரப்பிவிட்டுப் போயிருக்கிறார்.

இது எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். 1970களில் அமெரிக்காவின் சான்டா குரூஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பேண்ட்லர் மாணவர். ஜான் கிரிண்டர் மொழியியல் சொல்லிக்கொடுத்தவர். அந்தக் காலத்தில் பேர்போன மனநலச் சிகிச்சையாளர்கள் சிலர் இருந்தார்கள்: ஃப்ரிட்ஸ் பெர்ல்ஸ், குடும்பச் சிகிச்சையில் பெயர் வாங்கிய வர்ஜீனியா சட்டீர், ஹிப்னாசிஸ் மருத்துவர் மில்டன் எரிக்சன். இவர்களிடம் வந்தவர்கள் ஏன் மாறிப்போகிறார்கள், இவர்கள் அப்படி என்ன பேசுகிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள் என்று இருவரும் கவனித்து எழுத ஆரம்பித்தார்கள். முதல் புத்தகம் 1975-ல் வந்தது. அதில் பெரும்பகுதி கேள்வி கேட்கும் முறையைப் பற்றியது. கண், வசியம், ஐந்து நிமிடத்தில் பயத்தைப் போக்குவது எல்லாம் போகப் போகச் சேர்ந்தவை. சேர்ந்தவைதான் இன்று அதிகம் விற்கின்றன.

கண் விஷயத்தை முடித்துவிடுவோம். வலது கைப் பழக்கம் உள்ளவர் தன் வலப்பக்கம் மேலே பார்த்தால் கற்பனை செய்கிறார், இடப்பக்கம் மேலே பார்த்தால் நடந்ததை நினைவுபடுத்துகிறார் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. 2012-ல் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் வைஸ்மன் குழுவினர் இதைச் சோதித்தார்கள். பொய் சொல்பவர்களையும் உண்மை சொல்பவர்களையும் வீடியோ எடுத்துக் கண் அசைவைக் குறித்தார்கள், சம்பந்தமே இல்லை. இன்னொரு சோதனையில் சிலருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்து வீடியோவைப் பார்க்கச் சொன்னார்கள். தெரிந்தவர்கள் தெரியாதவர்களைவிட ஒன்றும் அதிகமாகக் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் சாயப்பட்டறை அண்ணன் மேலே பார்க்கிறார் என்றால் அங்கே மின்விசிறி நின்றுவிட்டதா என்று பார்க்கிறாரோ என்னவோ.

பார்வையால் யோசிப்பவர், காதால் யோசிப்பவர் என்று ஆளைப் பிரிக்கும் கதையும் இப்படித்தான். கிறிஸ்டோபர் ஷார்ப்லி என்ற உளவியலாளர் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 1984-லும் 1987-லும் எழுதினார். அதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்பதுதான் அவர் கண்டது. அமெரிக்க ராணுவம் கேட்டுக்கொண்டதால் அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் குழு 1988-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. அடுத்தவரை நம் பக்கம் இழுக்கும் வித்தையாக என்.எல்.பி. வேலை செய்கிறது என்பதற்கு அதிலும் ஆதாரம் கிடைக்கவில்லை.

அப்புறம் அந்தச் சர்டிஃபிகேட். என்.எல்.பி. யாருக்கும் தனிச் சொத்து இல்லை. அதைத் தொடங்கிய இருவருமே பிற்காலத்தில் கோர்ட் வரை போனவர்கள். யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் வகுப்பு நடத்தலாம், பிராக்டிஷனர், மாஸ்டர் பிராக்டிஷனர் என்று பட்டம் கொடுக்கலாம். 2009-ல் பிபிசி நிகழ்ச்சியாளர் ஒருவர் தன் வீட்டுப் பூனையை, ஜார்ஜ் என்று பெயர், இங்கிலாந்தில் ஒரு என்.எல்.பி. அமைப்பில் சிகிச்சையாளராகப் பதிவு செய்து காட்டினார். உங்கள் எம்.டி. இன்க்ரிமென்ட் போடும்போது இந்தத் தாளைப் பார்ப்பார் என்று எண்ண வேண்டாம்.

சரி, நல்ல பகுதிக்கு வருவோம். 1975 புத்தகத்தில் இருந்த அந்தக் கேள்வி முறைக்கு மெட்டா மாடல் என்று பெயர். மனிதர்கள் பேசும்போது மூன்று காரியம் செய்கிறோம். பாதியை விட்டுவிடுகிறோம். ஒன்றிரண்டு அனுபவத்தை வைத்து எப்பவுமே, யாருமே என்கிறோம். அடுத்தவர் மனதில் இருப்பது நமக்குத் தெரிந்ததுபோல் பேசுகிறோம். விட்டுப்போனதைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள்தான் நல்ல சிகிச்சையாளர்களாக இருந்தார்கள் என்பது பேண்ட்லரும் கிரிண்டரும் கவனித்த விஷயம்.

இப்போது "நாளைக்கு ஆயிருமுங்க" என்பதை எடுங்கள். எது ஆகும்? சாயமா, துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங்கும் சேர்த்தா? எத்தனை ரோல்? நாளைக்குக் காலையா, ராத்திரி பதினோரு மணியா? அவர் பட்டறையில் முடிந்துவிடுமா, உங்கள் கட்டிங் டேபிளுக்கு வந்துவிடுமா? எதுவுமே அதில் இல்லை. நீங்கள் எல்லாவற்றையும் உங்களுக்குச் சாதகமாக நிரப்பிக்கொண்டு போனை வைக்கிறீர்கள். அவரும் தனக்குச் சாதகமாக நிரப்பிக்கொள்கிறார். மறுநாள் இரண்டு பேருக்கும் கோபம். அவர் பொய் சொன்னார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவர் கண்ணை எத்தனை தடவை பார்த்தாலும் இதில் ஒன்றும் தெரியப்போவதில்லை.

இதே பேச்சு இப்படிப் போகலாம்:

"அண்ணா, நாளைக்குன்னா எத்தனை மணிக்குங்க வண்டி கிளம்பும்?"

"சாயந்தரம் ஆயிருமுங்க."

"மூணு லாட்டும் வந்துருங்களா?"

"நேவியும் பிளாக்கும் ரெடிங்க. மெரூன்தான் ஷேடு கொஞ்சம் ஒதுங்குது."

"மெரூனுக்கு இப்ப என்ன ஆகணும்ங்கண்ணா?"

"நீங்க ஒருக்கா வந்து ஷேடைப் பார்த்து ஓகே சொல்லிட்டா ராத்திரியே காம்பாக்டிங் போட்டரலாமுங்க."

பார்த்தீர்களா, லாட் நின்றது உங்கள் ஓகேவுக்காக. இந்த விஷயம் கத்தினால் வெளியே வராது. கத்தினால் கரண்ட் இல்லை, ஆள் வரவில்லை, பாய்லர் ரிப்பேர் என்று வரும். அவற்றில் ஒன்றிரண்டு நிஜமாகவும் இருக்கும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். மேலே உள்ள கேள்விகளில் 'ஏன்' இல்லை. ஏன் லேட் என்று கேட்டால் யாராக இருந்தாலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். எது நிற்கிறது, என்ன ஆகணும், எப்போது என்று கேட்டால் தகவல் வரும். மெட்டா மாடல் சொல்லிக்கொடுப்பவர்களும் பெரும்பாலும் 'ஏன்' கேட்காதீர்கள் என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் இதில் ஒரு ஆபத்து உண்டு, வகுப்பில் அதைச் சொல்வார்களா என்பது சந்தேகம். இந்தக் கேள்விகள் பிறந்தது சிகிச்சை அறையில். அங்கே வருபவர் கேள்வி கேட்கப்படத் தயாராக வருகிறார். சாயப்பட்டறைக்காரர் அப்படி இல்லை. அவருக்கு உங்களைப் போல் இன்னும் பத்து பேர் போன் போடுகிறார்கள். வரிசையாக ஏழெட்டுக் கேள்வி கேட்டால் போலீஸ் விசாரணை ஆகிவிடும், அடுத்த தடவை உங்கள் நம்பரைப் பார்த்தாலே எடுக்க மாட்டார். ஒரு போனில் மூன்று போதும். 'அண்ணா'வும் 'ங்க'வும் குரலில் இருக்கட்டும். கொங்கு நாட்டில் இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ஷிப்மென்ட் நெருங்கும்போது முதலில் காணாமல் போவது அந்த 'ங்க'தான்.

போனை வைக்கும் முன் அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கள்: "அப்ப நாளைக்குச் சாயந்தரம் நேவியும் பிளாக்கும் வண்டியில ஏறிரும், நான் இப்ப வந்து மெரூன் ஷேடு பார்த்தர்றேன், சரிங்களாண்ணா?" என்.எல்.பி.யில் எதிராளியைப் பிரதிபலிப்பது என்று ஒரு பாடம் உண்டு. அவர் சாய்ந்தால் நீங்களும் சாய்வது, அவர் கை கட்டினால் நீங்களும் கட்டுவது. உடம்பைக் காப்பியடிப்பது வேண்டாம், கிண்டல் செய்வதாக நினைத்துக்கொள்வார்கள். வார்த்தையைத் திருப்பிச் சொல்வதற்கு வெளியிலிருந்து ஆதாரம் இருக்கிறது. 2003-ல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில், ஆர்டரை வாடிக்கையாளரின் வார்த்தையிலேயே திருப்பிச் சொன்ன ஹோட்டல் பணிப்பெண்ணுக்கு அதிக டிப்ஸ் கிடைத்தது. உங்களுக்கு டிப்ஸ் கிடைக்காது. எங்கே தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்பது இன்றைக்கே தெரிந்துவிடும். பேசியதை இரண்டு வரியில் வாட்ஸ்அப்பிலும் போட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் கடிதத்தையே இந்தக் கேள்விகளில் போட்டுப் பார்க்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். "யாருமே என் பேச்சைக் கேட்பதில்லை." யாருமேவா? சாம்பிள் செக்ஷனில், பேக்கிங்கில் கூடவா? அவர்களும் கேட்காமல் இருந்தால் ஒரு ஷிப்மென்ட்கூடப் போயிருக்காது. கேட்காதவர்கள் யார் யார் என்று பெயரை எழுதுங்கள்; இரண்டு மூன்று பேரில் நின்றுவிடும் என்று நினைக்கிறேன். "எம்.டி.க்கு என்னைக் கண்டாலே பிடிக்காது." இது எப்படித் தெரியும்? நீங்கள் எழுதியிருப்பது அவர் ஆர்டர் லேட் என்று சொன்னதை மட்டும்தான். ஒருவேளை நிஜமாகவே பிடிக்காமலும் இருக்கலாம். அது தெரிவதற்கு முன்னால் அதை வைத்துக்கொண்டு மீட்டிங்குக்குள் போவதால்தான் வாய் அடைக்கிறது.

எம்.டி.யிடம் என்ன சொல்வது? பயிற்சிப் புத்தகத்தில் இருக்கிறது என்று "எப்பவுமேவா சார்?" என்று திருப்பிக் கேட்டுவிடாதீர்கள். அந்த அறையில் அது எதிர்த்துப் பேசுவதுதான். "எந்த ஆர்டரைச் சொல்றீங்க சார்?" என்று கேட்கலாம், அதுவும் கையில் கணக்கு இருந்தால். இந்த சீசனில் உங்கள் ஆர்டர் எத்தனை, எத்தனை நேரத்துக்குப் போனது, லேட்டானது எந்தக் கட்டத்தில் நின்றது என்று ஒரு தாளில் எழுதி மீட்டிங்குக்கு முன்னாலேயே அவர் மேஜைக்கு அனுப்பிவிடுங்கள். எல்லோர் முன்னாலும் நாக்கு எழவில்லை என்றால், "பார்த்துட்டு மதியத்துக்குள்ள சொல்றேன் சார்" என்பது போதும். சொன்னபடி மதியம் போய் நில்லுங்கள். தனியாகப் பேசும்போது அவர் வேறு மனிதராக இருக்க வாய்ப்பு அதிகம்.

பையரோடு நீங்கள் திணறுவதற்கு ஆங்கிலம் மட்டும் காரணம் இல்லை என்று எனக்குப் படுகிறது. சாம்பிள் எப்போது வரும் என்று அவர் கேட்கும்போது நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? "வீ வில் டூ அவர் பெஸ்ட்", "நோ பிராப்ளம்", "ஷார்ட்லி" என்று சொல்பவராக இருந்தால், அவருக்கு நீங்களே சாயப்பட்டறைக்காரர். "நாளைக்கு ஆயிருமுங்க" என்பதைத்தான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், அவரும் அந்தப் பக்கம் உங்களைப் போலவே எரிச்சலில் இருப்பார். தேதி தெரிந்தால் தேதியைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் எப்போது தெரியவரும் என்பதைச் சொல்லுங்கள்: டையிங்கில் கேட்டுவிட்டு வியாழக்கிழமை மெயில் போடுகிறேன், அவ்வளவுதான். இதற்குப் பெரிய இலக்கணம் தேவையில்லை. காலுக்கு முந்தின நாளே என்னென்ன பேசப்போகிறோம் என்று நான்கு வரி மெயில் அனுப்பிவிட்டால், அவர் கேட்கப்போகிற கேள்வியில் பாதி உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கூட்டத்தில் வாய் திறக்கும் பழக்கத்துக்கு மட்டும் வெளியே ஒரு இடம் தேவைப்படலாம். டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் கோவையில் பல இருக்கின்றன. 1924-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது, இதுவும் அங்கிருந்து வந்ததுதான். தலைப்பு கொடுத்த உடனே எழுந்து ஒன்றிரண்டு நிமிடம் பேச வைப்பார்கள், பேசியதைப் பற்றி இன்னொருவர் கருத்துச் சொல்வார், எத்தனை தடவை 'ஆ', 'ம்' என்று இழுத்தீர்கள் என்று எண்ணவும் ஒருவர் இருப்பார். முதலில் விருந்தினராகப் போய்ப் பார்க்கலாம். சந்தா 22,000-க்குப் பக்கத்தில்கூட வராது.

கம்பெனி செலவில் அந்த 2 நாள் வகுப்புக்கு அனுப்பினால் தாராளமாகப் போய் வாருங்கள். போகும் முன் பயிற்சியாளரிடம் ஒன்று கேளுங்கள்: இரண்டு நாளில் கேள்வி கேட்டுப் பழகுவதற்கு எத்தனை மணி நேரம், யாரோடு? அவர் மறுபடியும் கண்ணைப் பற்றியே பேச ஆரம்பித்தால், அந்த இரண்டு நாளை மெரூன் லாட்டுக்குக் கொடுங்கள்.