ரேடிக்கல் அயனி ஆராய்ச்சிக்கு மகளை அனுப்பலாமா? தண்டையார்பேட்டை அப்பா ஒருவருக்குப் பதில்

வணக்கம் அண்ணா.

எம்.எஸ்சி. வேதியியல் முடிந்ததும் மணலியில் ஒரு கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டு லேபில் பாப்பாவைச் சேர்த்துவிடலாம் என்று இருக்கிறீர்கள். அவளோ கரிம ரேடிக்கல் அயனிகளின் எலக்ட்ரான் அமைப்பை நிறமாலை (பொருள் எந்தெந்தக் கதிர்களை உறிஞ்சுகிறது என்ற பதிவு) வழியாக ஆராய்ந்து பிஎச்.டி. வாங்க வேண்டும் என்கிறாள். "இதைப் படித்து யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அவள் எதைப் படிக்கப் போகிறாள் என்று சொல்லிவிடுகிறேன்.

மூலக்கூறுக்குள் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாக இருக்கும். அதிலிருந்து ஒன்றைப் பிடுங்கினாலும், புதிதாக ஒன்றைச் சேர்த்தாலும், மின்னூட்டத்தோடு ஜோடியில்லாத எலக்ட்ரான் ஒன்றும் வந்துவிடும். அதுதான் ரேடிக்கல் அயனி. நம் பீரோவில் போடும் பாச்சை உருண்டையில் நாப்தலீன் உண்டு; வெள்ளை நிறம். காற்றும் ஈரமும் படாமல், தகுந்த கரைப்பானில் சோடியத்தோடு அதைச் சேர்த்தால் கரைசல் கரும்பச்சையாக மாறும். சோடியத்தின் எலக்ட்ரான் ஒன்று நாப்தலீனுக்குப் போய்விட்டது என்று பொருள். காற்று பட்டால் அந்தப் பச்சை போய்விடும். அந்தக் கரைசலை, ஜோடியில்லாத எலக்ட்ரானைக் காந்தப்புலத்தில் வைத்துக் கண்டறியும் ஈ.எஸ்.ஆர். கருவியில் வைத்தால் 25 கோடுகள் கிடைக்கும். நாப்தலீனின் எட்டு ஹைட்ரஜன்களும் நான்கு நான்காக இரண்டு வகை; ஒவ்வொரு வகையும் கோட்டை ஐந்தாகப் பிரிப்பதால் ஐந்தைந்தாக 25. கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து, ஒற்றை எலக்ட்ரான் எந்தக் கார்பன் பக்கம் அதிகம் நிற்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். நொடிக்குள் அழிந்துபோகும் அயனிகள் என்றால், திரவ நைட்ரஜனில் 77 கெல்வினுக்குக் குளிர்வித்து, உறைந்த கரைசலுக்குள் சிறைபிடித்து, அவை எந்த ஒளியை உறிஞ்சுகின்றன என்று பார்ப்பார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வேலை இதுதான்.

பிரயோஜனம் உண்டு. உங்கள் செல்போனில் ஓஎல்இடி திரை இருந்தால், அதில் மின்சாரம் ஓடுவதே மூலக்கூறுகள் கணநேரம் ரேடிக்கல் அயனிகளாக மாறுவதால்தான். நேர் அயனியும் எதிர் அயனியும் சந்திக்கும் இடத்தில் வெளிச்சம் பிறக்கிறது. இலையில் நடக்கும் ஒளிச்சேர்க்கையிலும் குளோரோஃபில் எலக்ட்ரானை இழந்து ரேடிக்கல் அயனியாகிறது.

ஆனால் இந்தத் தலைப்பைப் பார்த்து எந்தக் கம்பெனியும் கூப்பிட்டு வேலை கொடுக்காது. அவளுக்குச் சோறு போடப்போவது கைப்பழக்கம்: நிறமாலைக் கருவிகளைத் தானே ஓட்டுவது, வெற்றிட அமைப்பைப் பராமரிப்பது, குவாண்டம் வேதியியல் கணக்கீடு, பைத்தான் என்ற கணினி மொழி. மருந்து, பேட்டரி, பெயின்ட் கம்பெனிகளின் ஆராய்ச்சிப் பிரிவுகளில் இதற்கு மதிப்பு இருக்கிறது. அதனால் கருவியைத் தொடவே விடாத லேபில் சேர வேண்டாம். வழிகாட்டிப் பேராசிரியரைப் பார்ப்பதற்கு முன் அங்கே படிக்கும் சீனியர்களிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள். எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள், முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், கருவி ஓடுகிறதா இல்லை பழுதாகிக் கிடக்கிறதா?

பணத்தில் நான் கறாராகவே சொல்வேன். உதவித்தொகை இல்லாமல் பிஎச்.டி.யில் சேர வேண்டாம். மத்திய அரசின் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. கேட் (GATE) தேர்வையும் சேர்த்து எழுதட்டும், ஐஐடிகளுக்கு அது உதவும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இடம் கிடைத்தால், தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி வண்டி மாறாமலே கிண்டி போய்விடலாம், வீட்டிலிருந்தே படிக்கலாம்.

இந்த முறை ஜேஆர்எஃப் தவறினால் மணலி வேலைக்குப் போகட்டும், தப்பே இல்லை. அங்கே கருவிகளோடு பழகிக்கொண்டே அடுத்த தேர்வு எழுதலாம். பெண்களுக்கு வயது வரம்பில் தளர்வும் உண்டு. கல்யாண வயது தாண்டிவிடுமே என்ற உங்கள் கவலையை அவளிடமே நேராகப் பேசுங்கள் அண்ணா. உறவினர்களைவிட அவளுக்குத்தான் அதில் சொல்ல உரிமை அதிகம். அப்புறம், அடுத்த முறை வரும்போது அவளையும் கூட்டிவாருங்கள். இதுவரை முடிந்த செமஸ்டர்களின் மார்க் பட்டியலோடு, அவள் எழுதிப் பார்த்த பழைய நெட் கேள்வித்தாள் ஒன்றும் வேண்டும்.