களிமண் புறா சுடப் பழகுகிறவர்களுக்கு: கருவிகள் பற்றிச் சில கேள்வி பதில்

எந்திரம் வீசும் தட்டை, அது பறக்கும்போதே ஷாட்கன்னால் (ஒரே வெடியில் பல சிறு குண்டுகளைக் கூட்டமாகத் தூவும் துப்பாக்கி) சுட்டு உடைக்கும் விளையாட்டு இது. பழக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் "எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?" என்றுதான். இந்த முறை காது, கண், தோட்டா என்று மற்றவற்றையும் கேட்டிருக்கிறார்கள். சந்தோஷம். உரிமம் எடுப்பதும் துப்பாக்கியைப் பூட்டி வைப்பதும் அவரவர் நாட்டுச் சட்டப்படி. அதில் நான் தலையிடவில்லை, கருவிகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: பெயரைக் கேட்டாலே ஒரு மாதிரி இருக்கிறது சார். இதில் உண்மையான புறாவைச் சுடுகிறார்களா?

இல்லை. ஒரு காலத்தில் சுட்டார்கள். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுடும் போட்டி நடந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1880இல், அமெரிக்காவில் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் களிமண் தட்டுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். புறா போனது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இப்போது தட்டில் களிமண்ணும் கிடையாது. சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் கலந்து அச்சில் அழுத்தி எடுக்கிறார்கள். வழக்கமான தட்டு 110 மி.மீ. அகலம், 105 கிராம் எடை. கையில் எடுத்து லேசாக அழுத்தினாலே உடைந்துவிடும், ஆனால் எந்திரம் வீசும்போது உடையாது.

கேள்வி: அண்ணா, நேராக விஷயத்துக்கு வருகிறேன். முதலில் எந்தத் துப்பாக்கி வாங்கட்டும்?

எதையும் வாங்காதீர்கள் தம்பி, இப்போதைக்கு. பத்து முறையாவது பயிற்சி இடத்துத் துப்பாக்கியிலேயே சுடுங்கள். இதில் டிராப், ஸ்கீட், ஸ்போர்ட்டிங் என்று மூன்று பெரிய வகைகள் உண்டு. டிராப்பில் தட்டு உங்களைவிட்டு விலகி ஓடும். ஸ்கீட்டில் குறுக்கே, கிட்டத்தில் பறக்கும். ஸ்போர்ட்டிங்கில் எங்கிருந்து வரும், எப்படி வரும் என்று சொல்ல முடியாது, தரையில் உருண்டும் வரலாம். டிராப்புக்கென்று செய்த துப்பாக்கி, ஏறிக்கொண்டே போகும் தட்டுக்காகக் கொஞ்சம் மேலே சுடும்படி அமைந்திருக்கும். அதை எடுத்துக்கொண்டு ஸ்கீட் பக்கம் போனால் தட்டுக்கு மேலேயே சுட்டுக்கொண்டிருப்பீர்கள். எந்த வகை பிடிக்கிறது என்று தெரிவதற்கு முன்பே பணத்தை இறக்கிவிட்டால், துப்பாக்கிக்காக ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்த கதையாகிவிடும்.

என்னைக் கேட்டால் வாங்கும் வரிசை இது: காதுக்கு, கண்ணுக்கு, ஒரு தொப்பி, அப்புறம் நல்ல ஆசிரியர் ஒருவரிடம் சில வகுப்புகள். துப்பாக்கி கடைசியில்தான்.

கேள்வி: திறந்தவெளிதானே, காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் போதாதா?

போதாது. ஷாட்கன் வெடிக்கும் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். 140ஐத் தாண்டினாலே ஒரே வெடியில்கூடக் காது கெடலாம், அப்படிக் கெட்டது திரும்பாது. பஞ்சு வெறும் மனத்திருப்தி. நுரை அடைப்பான் நல்லதுதான், ஆனால் அதை உருட்டி மெல்லிசாக்கி, காது மடலை மேலே பின்னால் இழுத்துக்கொண்டு, ஆழமாக நுழைத்து, விரிகிற வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதிப் பேர் வாசலில் செருகிவிட்டு நிற்கிறார்கள்.

கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் மின்னணு காதுமூடி வாங்குங்கள். பேச்சை உள்ளே விடும், வெடியை அடக்கும். புதிதாகப் பழகுகிறவருக்குப் பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் "நிறுத்து" என்று சொல்வது கேட்க வேண்டுமே. மூடியின் அடிப்பாகம் பருமனாக இருந்தால் துப்பாக்கியின் கட்டையில் (தோளிலும் கன்னத்திலும் பதியும் பின்பகுதி) இடித்து விலகும், அந்த இடைவெளி வழியாகச் சத்தம் உள்ளே வந்துவிடும். ஆகவே மெல்லிய மூடியாகப் பாருங்கள்.

கேள்வி: நான் பவர் கண்ணாடி போடுகிறவன். அதுவே கண்ணுக்குப் பாதுகாப்புத்தானே?

அதை நம்பாதீர்கள். உடைந்த தட்டின் சில்லு காற்றோடு திரும்பி வரும், வேகமாகவே வரும். பாலிகார்பனேட் வில்லையில் உங்கள் பவரைப் போட்டுத் தருவார்கள், இல்லையென்றால் பவர் கண்ணாடிக்கு மேல் மாட்டும் பாதுகாப்புக் கண்ணாடி கிடைக்கிறது. இ.என். 166 போன்ற தரக் குறியீடு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வண்ண வில்லை பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். மங்கலான வெளிச்சத்துக்கு மஞ்சள், ஆரஞ்சுத் தட்டைப் பசுமைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்ட ரோஜா அல்லது ஊதா, சுட்டெரிக்கும் வெயிலுக்குச் சாம்பல். ஆரம்பத்தில் நிறமற்ற வில்லை ஒன்றே போதும்.

கேள்வி: நான் ஒல்லியான உடம்புக்காரி. 12 போர் வேண்டாம், 20 போர்தான் உனக்குச் சரி என்று வீட்டுக்காரர் சொல்கிறார். உண்மையா?

பாதி உண்மை அம்மா. முதலில் அந்தச் சொல். இது சண்டைப் போர் இல்லை, குழலின் உள் அளவு. எண் கூடக்கூடக் குழல் ஒல்லியாகும். 12 போர் சுமார் 18.5 மி.மீ., 20 போர் 15.6 மி.மீ.

20 போர் துப்பாக்கி எடை குறைவு, தூக்க எளிது. ஆனால் உதை என்று ஒன்று இருக்கிறதே, சுட்டதும் துப்பாக்கி பின்னால் வந்து தோளை இடிப்பது, அது எடையைப் பார்த்துத்தான் வரும். ஒரே அளவுத் தோட்டாவை 3.6 கிலோ துப்பாக்கியில் சுடுவதைவிட 2.9 கிலோ துப்பாக்கியில் சுட்டால் உதையின் ஆற்றல் ஏறக்குறைய கால் பங்கு கூடும். மாறாக, கனமான 12 போரிலேயே 28 கிராம் குண்டுள்ள தோட்டாவுக்குப் பதில் 24 கிராம் போட்டால் உதை கால் பங்கு குறையும். ஒலிம்பிக்கிலேயே 24 கிராமுக்கு மேல் அனுமதி இல்லை, ஆகவே அது குழந்தைத் தோட்டா என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள். 21 கிராமும் கிடைக்கும். முதல் நாளுக்கு அது அருமை. கை தாங்குமென்றால் 12 போரும் லேசான தோட்டாவும் என்பதே என் வாக்கு. சில நிமிடம் தூக்கிப் பிடித்ததுமே குழல் நுனி தாழ்கிறதென்றால் மட்டும் 20 போருக்குப் போங்கள், அதிலும் குண்டெடை குறைந்த தோட்டாவோடு.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் இரண்டு அளவும் இருந்தால் தோட்டாக்களை ஒரே பையில் போடவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய் முன்னால் சிக்கிக்கொள்ளும். குழல் காலி என்று நினைத்து 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், பிடித்திருக்கும் இடது கை அங்கேதான் இருக்கும். இதற்காகவே 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது வழக்கம்.

கேள்வி: தானியங்கித் துப்பாக்கியில் உதை குறைவு என்கிறார்களே? இரட்டைக் குழலை ஏன் எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள்?

வாயுவால் இயங்கும் தானியங்கியில் உதை மெதுவாக, நீட்டிப் பரவி வரும். தோளுக்கு இதம். ஆனாலும் நான் மேலும் கீழுமாகக் குழல் அமைந்த ஓவர் அண்டரைத்தான் சொல்வேன். மடித்துத் திறந்தால் இரண்டு குழலும் காலி என்று இருபதடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். தானியங்கியில் அது தெரியாது. காலியான தோட்டா உறையைப் பக்கத்தில் நிற்பவர் மேல் துப்பும் வேறு. ஓவர் அண்டரில் இரண்டு குழலுக்கு இரண்டு விதமான சோக் (குழல் வாயைக் குறுக்கும் சிறு குழாய்) போட்டுக்கொள்ளலாம் என்பதும் உண்டு.

கேள்வி: வலது கைக்காரன் நான். ஆனால் எவ்வளவு கவனமாகச் சுட்டாலும் தட்டுக்கு இடது பக்கமே போகிறது. துப்பாக்கி கோளாறா?

முதலில் கண்ணைச் சோதியுங்கள். இரு கண்ணும் திறந்தபடி தூரத்துப் பொருள் ஒன்றைக் கட்டைவிரலால் மறையுங்கள். இடது கண்ணை மூடுங்கள். விரல் அந்த இடத்திலேயே இருந்தால் உங்களுக்கு வலது கண் ஆளுகிறது. விரல் பக்கவாட்டில் தாவினால் இடது கண். வலது தோளும் இடது கண்ணும் என்றால் குண்டு இடப்பக்கம் போவது இயல்பு. புதிதாகப் பழகுகிறவர் என்றால் இடது தோளுக்கே மாறிவிடுங்கள், சில வாரச் சங்கடம்தான். முடியாதென்றால் கண்ணாடியின் இடது வில்லையில், குழல் நுனி தெரியும் இடத்தில், ஒளி புகுந்தும் உருவம் தெரியாத ஒட்டுத்தாளைச் சின்னதாக ஒட்டுங்கள். இதெல்லாம் துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே தெரிய வேண்டியது. தோள் மாறினால் கட்டையின் வளைவும் மாறுமே.

கேள்வி: "பொருந்த வேண்டும், பொருந்த வேண்டும்" என்கிறீர்கள். கடையில் நின்று எப்படிப் பார்ப்பது?

இதற்குத்தான் காத்திருந்தேன். ரைபிளுக்குப் பின்னால் ஒரு குறி, முன்னால் ஒரு குறி இருக்கும். ஷாட்கன்னில் பின் குறி கிடையாது. உங்கள் கண்தான் பின் குறி. கன்னம் கட்டையில் படும் இடம் கண்ணை எங்கே நிறுத்துகிறதோ அங்கிருந்துதான் குண்டு போகும். கண் 3 மி.மீ. உயர்ந்தால் 35 மீட்டரில் குண்டுக் கூட்டம் சுமார் 11 செ.மீ. உயரும். ஒரு தட்டின் அகலம் அது.

துப்பாக்கி காலி என்று திறந்து காட்டச் சொல்லி, நீங்களும் பாருங்கள். பிறகு கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஆளில்லாத பக்கம், சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவாருங்கள், கன்னத்தை இயல்பாக வையுங்கள், கண்ணைத் திறங்கள். குழல் மேலுள்ள பட்டையின் நடுவில் நேராகப் பார்க்கிறீர்களா? பட்டை கொஞ்சம் தெரிந்து நுனியில் முன் குறியான சிறு மணி நிற்க வேண்டும். துப்பாக்கியின் பின்பக்கம் மட்டும் தெரிந்தால் கட்டை உங்களுக்குத் தாழ்வு. நிறையப் பட்டை தெரிந்தால் உயரம். மணி ஒரு பக்கமாக ஒதுங்கினால் வளைவு சரியில்லை. மூக்குக்கும் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலுக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருந்தால் நீளம் ஏறக்குறைய சரி. கட்டையை முழங்கை மடிப்பில் வைத்து விரல் விசையை எட்டுகிறதா என்று பார்ப்பார்கள் சிலர். அது கை நீளத்தை அளக்கும், கழுத்தையும் கன்னத்தையும் அளக்காது.

என் முதல் துப்பாக்கி அழகாக இருந்தது. தேக்கு போல வரி ஓடிய கட்டை. கன்னத்துக்குத் தாழ்வு என்று வாங்கும்போதே உறுத்தியது, "பழகிவிடும்" என்று விற்றவர் சொன்னார். ஒரு பருவம் முழுக்கத் தலையைத் தூக்கித் தூக்கிச் சுட்டு, கன்ன எலும்பு வீங்கியதுதான் மிச்சம். கடைசியில் ஒரு கட்டைத் திருத்துநர் கன்னப் பகுதியை உயர்த்திக் கொடுத்தார், அன்றைக்கே தட்டு உடைந்தது. ஏற்றி இறக்கும் கன்னக் கட்டை உள்ள துப்பாக்கி இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. குழலில் செதுக்கிய பூவேலைக்குக் கொடுக்கும் பணத்தை அதற்குக் கொடுங்கள்.

கேள்வி: சோக் என்ன போடுவது? ஐந்து குழாய் கொடுத்திருக்கிறார்கள், தலை சுற்றுகிறது.

இரண்டு குழலிலும் கால் சோக்கை முறுக்கிவிட்டு மற்ற மூன்றையும் அலமாரியில் வையுங்கள். சோக் என்பது குழல் வாயின் குறுக்கம்தான். 12 போரில் முழுச் சோக் சுமார் 1 மி.மீ. குறுக்கும், கால் சோக் அதில் நாலில் ஒரு பங்கு. 36 மீட்டர் தூரத்தில் 76 செ.மீ. வட்டத்துக்குள் முழுச் சோக் 70 விழுக்காடு குண்டைப் போடும், கால் சோக் 55. பழகுகிறவர் அத்தனை தூரத்துத் தட்டைச் சுடுவதில்லை, அவருக்குக் கொஞ்சம் விரிந்த கூட்டமே நண்பன். குழாய் இல்லாமல் மட்டும் சுட்டுவிடாதீர்கள், உள்ளே திருகுமரை கெடும். ஆட்டத்துக்கு நடுவே, துப்பாக்கி காலியாக இருக்கும்போது, முறுக்கு தளர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

கேள்வி: தோட்டாப் பெட்டியில் இருக்கும் எண்களில் எதைப் பார்க்க வேண்டும்?

போர், உறையின் நீளம், குண்டின் எடை, குண்டின் அளவு, இந்த நான்கும். நீளம் 70 மி.மீ. என்றால் அது சுட்ட பிறகு உறை விரிந்த நீளம். சுடாத தோட்டா குட்டையாக இருக்கும், குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை 65 மி.மீ. என்றாலும் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும், சுட்டால் அழுத்தம் எகிறும். உள்ளே நுழைந்ததால் சரியென்று நினைக்கக் கூடாது. குழலில் பொறித்த அளவைப் படியுங்கள்.

வேகம் என்று பெரிதாக அச்சடிப்பார்கள், அதற்கு மயங்க வேண்டாம். அதிவேகத் தோட்டாவால் தட்டுக்கு முன்னே விட வேண்டிய இடைவெளி சில அங்குலம் குறையும், உதை கூடும். பழகுகிறவருக்கு நஷ்ட வியாபாரம். ஈயத்துக்குப் பதில் இரும்புக் குண்டு கட்டாயமான இடங்களும் உண்டு. அங்கே சுடுவதற்கு முன் உங்கள் குழலும் சோக்கும் இரும்புக்கு ஏற்றவையா என்று துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: இரண்டாவது குழல் சில சமயம் வெடிப்பதே இல்லை. முதல் தோட்டா புஸ்ஸென்று போனபோதுதான் கவனித்தேன்.

அப்படியென்றால் உங்கள் விசை உதையால் மாறும் வகை. முதல் குழல் உதைத்தால்தான் விசை இரண்டாவதற்குத் தாவும். முதல் தோட்டா வெடிக்கவில்லை என்றால் இரண்டாவதும் மௌனம். கோளாறு இல்லை. எந்திர விசையில் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் அந்தப் "புஸ்" தான் எனக்குக் கவலை. சத்தம் மெலிந்தால் அடுத்ததைச் சுடவே கூடாது. திறந்து, இரு தோட்டாவையும் எடுத்து, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பின்பக்கமிருந்து பாருங்கள். அடைப்பு உள்ளே நின்றிருக்கலாம். விசையை அழுத்தியும் வெடிக்கவே இல்லை என்றால், குழலைத் தட்டுப் பறக்கும் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருந்து பிறகு திறங்கள்.

கேள்வி: பழைய துப்பாக்கி வாங்கலாமா ஐயா?

தாராளமாக. நல்ல ஓவர் அண்டர் பல பத்தாண்டு உழைக்கும். முன் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியை ஆட்டிப் பாருங்கள், இணைப்பில் கடகடப்பு இருக்கக் கூடாது. குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே வளையம் வளையமாக நிழல் விழும் இடம் இருக்கிறதா என்று தேடுங்கள், அது உள்ளே ஒடுக்கு அல்லது புடைப்பு. பிடிக்குப் பக்கத்தில் கட்டையில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், அங்கேதான் அடி விழும். கட்டையை முன்பு யாருக்காகவோ வெட்டிக் குட்டையாக்கியிருந்தால் நீங்கள் நெட்டையாயிருக்கும் பட்சத்தில் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பை, சட்டை, துடைக்கும் சாமான் எல்லாம்?

இருபத்தைந்து தோட்டா கொள்ளும் பையுள்ள கையில்லாச் சட்டை ஒன்று, ஒரு சுற்றும் இருபத்தைந்துதான். தோளில் தையல் மேடு இல்லாததாகப் பாருங்கள். துடைக்கக் கம்பி, வெண்கலத் தூரிகை, துணி, கொஞ்சம் எண்ணெய். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் வாய்ப்பக்கம் கொண்டுபோகாதீர்கள். எண்ணெயை வழிய வழியப் பூசுகிறவர்கள் உண்டு, அது இறங்கிக் கட்டையின் மரத்தை ஊறவைத்து மெத்தென்றாக்கிவிடும். மெல்லிசாகப் பூசி, அன்று இரவு மட்டும் குழல் வாய் கீழே இருக்கும்படி, அடியில் ஒரு துணி மடித்துப் போட்டு நிறுத்துங்கள்.