வரத்துக்கால் வழியே

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மேலூர் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். இப்போது மதுரையில் இருக்கிறேன். மகன் வேல்ஸில், கார்டிஃப் நகரத்தில் வேலை பார்க்கிறான். போன கோடையில் அவனோடு இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோண்டா பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போனான். ஒரு காலத்தில் அங்கே எங்கு பார்த்தாலும் நிலக்கரிச் சுரங்கமாம். இப்போது ஒன்றுகூட இல்லை. ஆற்றங்கரையோடு நடைபாதை, இரண்டு பக்கமும் பச்சை மலை, மேய்கிற ஆடுகள். எதிரே வந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒரு குன்றைக் காட்டி, "அது மலை இல்லைம்மா, சுரங்கத்திலிருந்து அள்ளிப் போட்ட கழிவு" என்றான். மேலே புல் மூடியிருந்தது. அவன் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

ஊருக்கு வந்ததும், கிரானைட் குவாரிகள் இருந்த மேலூர் பக்கத்துக் கீழவளவுக்குப் போகத் தோன்றியது. பஸ் ஏறிப் போனேன். அரை மணி நேரம்கூட நிற்க முடியவில்லை, திரும்பிவிட்டேன். நான் வேலை பார்த்த காலத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஊர்ப்படம் வரையச் சொல்வேன். ஒவ்வொரு பிள்ளையும் முதலில் கண்மாயைத்தான் வரையும், அப்புறம் மலையை. அதில் பாதி மலைகள் கிரானைட்டுக்காக வெட்டப்பட்டு இப்போது குழியாகக் கிடக்கின்றன.

அந்தப் பள்ளத்தாக்கு மறுபடி மனிதர்கள் நடக்கிற இடமாகிவிட்டது. நம் பக்கமும் அப்படி ஆகுமா? அங்கே நடக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் அழகு என்று பார்க்கக் கூச்சமாகவும் இருக்கிறது. எப்படி நடப்பது?

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள டீச்சர்,

நடக்கலாம். கண்டிப்பாக நடக்க வேண்டும். கூச்சமும் கூட வரட்டும், அது ஒன்றும் தப்பில்லை.

உங்கள் மகன் காட்டிய அந்தப் புல் மூடிய குன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். ரோண்டாவிலிருந்து கிழக்கே இரண்டு மலை தாண்டினால் டாஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கு வரும். அங்கே அபர்ஃபான் என்று ஓர் ஊர். சுரங்கத்தின் கழிவை அந்த ஊருக்கு மேலே மலைச்சரிவில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழாவது குவியலை 1958-இல் தொடங்கினார்கள். தொடங்கிய இடத்தில் ஊற்று இருந்தது. அது ரகசியமும் இல்லை, வரைபடத்திலேயே இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இப்படிக் கொட்டுவது ஆபத்து என்று 1963-இல் உள்ளூர் நகராட்சிப் பொறியாளர் கடிதமும் எழுதினார். குவியல் வளர்ந்துகொண்டேதான் போனது.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதே கால். பல நாள் மழையில் ஊறிப்போன குவியல் கூழாகிச் சரிந்து, கீழே இருந்த பாண்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளியையும் பக்கத்து வீடுகளையும் மூடியது. பிள்ளைகள் அப்போதுதான் வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். 144 பேர் இறந்தார்கள். அதில் 116 பேர் குழந்தைகள். இருபத்தாறு வருஷம் பிள்ளைகளோடு இருந்த உங்களிடம் இதற்கு மேல் நான் விவரிக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விசாரணை நடந்தது, நிலக்கரி வாரியத்தின் மேல்தான் தப்பு என்று தீர்ப்பும் வந்தது. ஆனால் ஊருக்கு மேலே மிச்சமிருந்த குவியல்களை அகற்றும் செலவுக்கு, இறந்த பிள்ளைகளின் குடும்பங்களுக்காக உலகமெல்லாம் சேர்ந்து அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்ட் எடுத்துக்கொண்டார்கள். அது திரும்பி வந்தது 1997-இல். முதன்முதலில் இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீங்கள் நடந்த ரோண்டாவிலேயே, கடைசிச் சுரங்கம் 1990-இல் மூடி முப்பது வருஷம் கழித்து, 2020 பிப்ரவரிப் புயல்மழையில் டைலர்ஸ்டவுன் பக்கம் ஒரு பழைய குவியல் சரிந்து ஆற்றில் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. பார்ப்பதற்கு அதுவும் குன்று மாதிரிதான் நின்றிருக்கும். ஆக, அந்தப் பச்சையை நாம் கடைசியில்தான் பார்க்க வேண்டும் டீச்சர். குவியலுக்குள் தண்ணீர் தேங்காமல் வடிகிறதா, யாராவது போய்ப் பார்க்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி. நம் பக்கத்துக்கும் அதே கேள்விதான் என்று நினைக்கிறேன். அங்கே தண்ணீர் இருந்த இடத்தில் கழிவைக் கொட்டினார்கள், ஊர் புதைந்தது. இங்கே தண்ணீர் வருகிற வழியில் கொட்டினார்கள், ஊர் காய்ந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு தை மாதக் காலையில், கீழவளவைச் சுற்றியுள்ள ஊர் ஒன்றில் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சியாக இருந்த ஒரு பெரியவரோடு நடந்தேன். எழுபத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு வேப்பங்கம்பு. குழியைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன். "குழி எங்க தம்பி ஓடப்போகுது, அப்புறம் பாப்போம். மொத இங்க வாங்க" என்று கண்மாய்க் கரைமேல் ஏற்றிவிட்டார். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையைக் காட்டினார். கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கைக் காட்டினார். அப்புறம் தண்ணீர் நிற்கும் உள்வாய்ப் பக்கம் இறங்கி, "இதுதான் எங்க வரத்துக்கால்" என்று, கண்மாய்க்கு மலைத்தண்ணீரைக் கொண்டுவரும் ஓர் ஓடைத் தடத்துக்குள் நடக்க ஆரம்பித்தார். இடுப்பளவு ஆழம், இரண்டு ஆள் அகலம், இரண்டு பக்கமும் ஆவாரஞ்செடி. மலையை நோக்கி வளைந்து வளைந்து போனது. முந்நூறு அடி வைத்திருப்போம். ஒரு கல் குவியலுக்குள் போய் முட்டிக்கொண்டது. வீட்டு உயரம் இருக்கும் அந்தக் குவியல். மேலே சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது.

அவர் கம்பால் ஒரு கல்லைத் தட்டினார். குனிந்து பார்த்தேன். கல்லின் ஒரு முகத்தில் மேலிருந்து கீழாகப் பாதிக் குழாய் மாதிரி ஒரு தடம். ஒரு சாண் தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. கட்டைவிரலை வைத்தேன், அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. கம்ப்ரசரை ஓட்டி வரிசையாகத் துளை போட்டு, துளைக்குள் ஆப்பு இறக்கி, சம்மட்டியால் மாறி மாறி அடித்தால் பாறை கோடு கிழித்த மாதிரிப் பிளந்துவிடும். பிளந்த துளையின் ஒரு பாதி இந்தக் கல்லிலும் மறு பாதி விற்றுப்போன கல்லிலும் இருக்கும். வெள்ளைக் கல், உள்ளே மாதுளை முத்து சிந்திய மாதிரிச் சிவப்புப் புள்ளிகள். நம் மேலூர்ப் பக்கத்து இந்த மாதிரிக் கல்லுக்கு ஏற்றுமதிச் சந்தையில் 'காஷ்மீர் ஒயிட்' என்று பெயர். நம் ஊர்ப் பெயர்கூட அதோடு போகவில்லை. ஒரு முடி அளவு விரிசல் இருந்தாலும், நிறம் கொஞ்சம் பிசகினாலும் பிளாக் கழிவாகிவிடும். அப்படிக் கழிந்ததுதான் எங்கள் முன்னால் வரத்துக்காலின் மேல் உட்கார்ந்திருந்தது.

"மலையில விழுகுற மழ அரை மணி நேரத்துல மடைக்கு வந்துரும் தம்பி. இப்ப சுத்திக்கிட்டு அந்தக் குழிக்குள்ள போயிருது. குழியில இருந்து யாரு எறைக்கிறது?" என்று கேட்டார். பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. கம்பை ஊன்றிக் குவியலைச் சுற்றி அந்தப் பக்கம் போய், தடம் மறுபடி எங்கே ஆரம்பிக்கிறது என்று காட்டினார்.

குழியில் தண்ணீர் நீலமாகத் தேங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, இதையே ஏரியாக வைத்துக்கொள்ளலாமே, படகு விடலாமே என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குழியின் அடிமட்டம் மடையைவிட எவ்வளவோ கீழே. அந்தத் தண்ணீர் தானாக ஒரு வயலுக்கும் போகாது. செங்குத்தான பாறை விளிம்பு வேறு, விழுந்தால் ஏறிவரப் பிடிமானம் கிடையாது. பெரியாறு பாசனத்தில் கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே நம் மேலூர்ப் பக்கம் ஒருபோகம் என்பது உங்களுக்குத் தெரியும். கால்வாய்த் தண்ணீர் தாமதமானால் இந்த ஊர்களுக்கு மலைத்தண்ணீர்தான் கை கொடுக்கும். ஒரு கண்மாய் பெருகிக் கலுங்கில் விழுந்தால்தான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். மேலே ஓர் இடத்தில் அடைத்தால் கீழே நாலு ஊர் பார்த்துக்கொண்டு நிற்கும்.

குவாரிக் கணக்கெல்லாம் ஊரறிந்தது. மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் 2012 மே மாதத்தில் கிரானைட் குவாரி முறைகேட்டால் அரசுக்கு இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று எழுதினார். அந்த வருஷமே குவாரிகள் நின்றன. 2014-இல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது, அடுத்த வருஷம் அறிக்கை கொடுத்தார். இழப்பைக் கோடியில் எண்ணியாகிவிட்டது. எத்தனை வரத்துக்கால் அடைபட்டது என்று ஊர் ஊராக ஒரு பட்டியல் போட்டால் அதுதான் எனக்குப் பெரிய அறிக்கை.

வேல்ஸுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே சுரங்கத்தை நம்பித்தான் அந்த ஊர்களே உண்டாயின. 1913-இல் செங்கனித் சுரங்க வெடிவிபத்தில் ஒரே நாளில் 439 தொழிலாளிகள் செத்தார்கள். அப்படிச் செத்தும் அந்த வேலையைத்தான் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தார்கள். அதனால் சுரங்கம் போன பிறகும் அதன் ஞாபகத்தை ஊரே சுமக்கிறது, சுரங்கச் சக்கரத்தைப் பாதி நட்டு நினைவுச்சின்னமாக வைக்கிறது. நம் பக்கம் ஊர் முதலில் இருந்தது, கண்மாய் இருந்தது, குவாரி நடுவில் வந்துபோனது. நாம் ஞாபகம் வைக்க வேண்டியது குவாரிக்கு முன்னால் இருந்ததை.

அதற்குத்தான் கீழவளவு பஞ்சபாண்டவர் மலையோடு நிறுத்தாமல் அரிட்டாபட்டிக்கும் அதை ஒட்டிய மீனாட்சிபுரம் மலைக்கும் போகச் சொல்வேன். மீனாட்சிபுரம் மலையில்தான் மாங்குளம் கல்வெட்டுகள் இருக்கின்றன. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழைய தமிழி எழுத்து. நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. சமணத் துறவிக்குப் பள்ளி, அதாவது தங்கும் குகை, வெட்டிக் கொடுத்த செய்தியில் 'கொட்டுபித்த' என்று ஒரு சொல். கல்லை வெட்டுவித்த என்று பொருள். அங்கேயும் உளிதான் வேலை செய்திருக்கிறது. நிமிர்ந்து குகையின் நெற்றியைப் பாருங்கள். மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் விளிம்போடு வெளியே வடிய நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். துறவிகளுக்குக் கற்படுக்கையை வெட்டின கை, தண்ணீர் எப்படிப் போகும் என்று யோசித்துத்தான் உளியை வைத்திருக்கிறது. நான் அதன் கீழே வெகுநேரம் நின்றிருக்கிறேன்.

அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டையும் சேர்த்து 193.42 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். ஏழு மலை, 72 ஏரி, 200 ஊற்று என்று அரசே கணக்குச் சொன்னது. 2024 நவம்பரில் இதே பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தபோது, கிரானைட்டைப் பார்த்த ஊர்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கில் நடந்து வந்தார்கள். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்தேன். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. நம் பக்கத்து நடைகளில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அங்கே மாதிரி இங்கேயும் ஆகுமா? ஆகும். ஆனால் மனிதர்களுக்கு நடைபாதை போடுவதற்கு முன்னால் தண்ணீருக்கு வழி விட வேண்டும். குவியலை வரத்துக்காலிலிருந்து ஒதுக்கினாலே பாதி வேலை முடிந்தது. மிச்சத்தை மழையும் ஆவாரையும் பார்த்துக்கொள்ளும்.

எப்படி நடப்பது என்றால், போன முறை நீங்கள் நேராகக் குழிக்குப் போயிருக்கிறீர்கள், அதனால்தான் நிற்க முடியவில்லை. இந்த முறை கண்மாயில் ஆரம்பியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழிக் கடைசியிலோ தையிலோ போனால் தடம் நன்றாகத் தெரியும். குழி விளிம்புக்கு மட்டும் போக வேண்டாம். ஊர்க்காரர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அழகாக இருந்தால் அழகு என்றே சொல்லுங்கள். அன்று காலை அந்தக் கல் குவியல் உச்சியில் ஒரு மயில் நின்றது. பெரியவர்தான் முதலில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

நானும் வருகிறேன். தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்கு மேலூர் பஸ் ஸ்டாண்டில் சேருவோம். உங்களிடம் படித்தவர்கள் யாராவது அந்த ஊர்களிலேயே இருந்தால் சொல்லிவிடுங்கள். இன்னொன்று டீச்சர், பிள்ளைகள் வரைந்த அந்த ஊர்ப்படங்களில் ஏதாவது உங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறதா? நாலைந்து கிடைத்தாலும் எடுத்து வாருங்கள். கண்மாய்க்கு வருகிற கோடுகளை அந்தப் பிள்ளைகள் எங்கே போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நடக்கலாம்.