சுமார்

"அன்புள்ள ஐயா, இரண்டாம் உலகப் போருக்குக் காரணம் வெர்சாய் ஒப்பந்தமா, ஹிட்லர் என்ற தனிமனிதனா? வகுப்பில் பெரிய விவாதம். என்னைக் கேட்டால், அந்தப் போரில் ஆங்கிலேயன் களைத்துப்போனதால்தான் நமக்குச் சுதந்திரம் வந்தது. அந்த வகையில் ஆசியாவில் செத்தவர்களின் உயிர் வீண்போகவில்லை. தங்கள் கருத்து?" – ஒரு கல்லூரி மாணவர்

அன்புள்ள தம்பி,

வெர்சாயா ஹிட்லரா என்பது பட்டிமன்றத் தலைப்பு. இரண்டும்தான், 1929இன் பொருளாதாரச் சரிவும்தான். அதை விடுங்கள். ஆசியாவுக்குப் போர் வந்த வழியே வேறு. சீனாவில் 1937 முதல் மாட்டிக்கொண்டிருந்த ஜப்பானுக்கு 1941இல் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. எண்ணெயும் ரப்பரும் தேடி ஜப்பான்காரன் தெற்கே இறங்கினான்.

'வீண்போகவில்லை' என்று எழுதினீர்களே, அதுதான் இரண்டு நாளாக உறுத்துகிறது. போன வாரம்தான் அப்பத்தாவின் தகரப் பெட்டியை ஒழித்தேன். அடியில் ஒரு பத்து டாலர் நோட்டு, வாழைமரப் படம் போட்டது, மூலையை எலி கடித்திருந்தது. மலாயாவில் ஜப்பான்காரன் அடித்த காசு. 1945இல் அவன் தோற்றதும் செல்லாக்காசு. ஒரு காலத்தில் கட்டாக இருந்தது. நாங்கள்தான் கடை வைத்து விளையாடித் தீர்த்தோம்.

அது அப்பத்தாவின் அண்ணனுடைய சம்பாத்தியம். மலாயாவின் கெடாவில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். போர் வந்ததும் ரப்பர் கப்பலேறவில்லை, அரிசி வந்திறங்கவில்லை. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு டாலர் என்று சொன்னதை நம்பி, ஜப்பான்காரனுக்கு ரயில்பாதை போட சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயிலேறினார். 1946இல் கூட வேலை பார்த்த ஒருவர் ஊர் திரும்பி நோட்டுக்கட்டைக் கொடுத்துவிட்டு, "காலரா" என்றாராம். அவ்வளவுதான்.

அந்த சயாம்–பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர். காட்டையும் பாறையையும் குடைந்து 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். ஜப்பானிடம் பிடிபட்டு அங்கே வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். அந்தப் பாதையில் இருக்கும் தாய்லாந்து ஊரான காஞ்சனாபுரியில் அவர்களுக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. புல்லை ஒட்ட வெட்டி, தகட்டில் பெயர், வயது, இறந்த நாள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று கூலிகள் சுமார் இரண்டு லட்சம். செத்தவர்கள் சுமார் 90,000. கவனித்தீர்களா, இந்தப் பக்கம் எல்லாமே 'சுமார்'தான். அதே ஊரில் 1944இல் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பி, அதில் தமிழிலும் எழுதிவைத்தவன் யார்? வேலை வாங்கிய அதே ஜப்பான் ராணுவம். பெயர்கள் மட்டும் கிடையாது.

டில்லியில் கொடி ஏறட்டும் என்றா அந்த மனுஷன் மூங்கில் பரணில் வயிற்றுப்போக்கோடு கிடந்தார்? அரிசிக்குப் போனவர் ஐயா அவர். அவர் கணக்கை நீங்களே எழுதி நீங்களே 'வரவு' என்று முடிக்கிறீர்களே, யார் கொடுத்த அதிகாரம்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வயதில் ஒரு கட்டுரைப் போட்டியில் நானும் இதையேதான் எழுதிப் பரிசு வாங்கினேன். அப்பத்தாவிடம் வாசித்தும் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அது சரி, அண்ணன் செத்த தேதி அதுல போட்டிருக்கா?" என்றாள்.

திதி தெரியாததால் எங்கள் வீட்டில் ஆடி அமாவாசைக்கு இன்றும் ஒரு இலை கூடுதலாகப் போடுகிறோம்.