கந்தகம் போடாத கொப்பரை

அன்புள்ள ஐயா,

காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்துத் தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் ஆட்டி விற்கிறேன். பாதி வியாபாரம் வாட்ஸ்அப்பில்தான். வாடிக்கையாளரிடம் நெருக்கம் காட்ட வேண்டும் என்று விளம்பர ஆலோசகர் ஒருவர் சொன்னதால், பெயர் போட்டுப் பிறந்தநாள் வாழ்த்து தானாகப் போகும்படி ஏற்பாடு செய்தேன். மாதக் கட்டணம் போகிறது. ஒருவரும் பதில் எழுதுவதில்லை. இரண்டு பேர் என் எண்ணைத் தடுத்தே விட்டார்கள். பாக்கெட் எண்ணெயைவிட என் விலை அதிகம், நம்பிக்கை இல்லாமல் யார் வாங்குவார்கள்? என்ன செய்யலாம்?

க., காங்கேயம்

அன்புள்ள க.,

முதலில் அந்தக் கட்டணத்தை நிறுத்திவிடுங்கள். என் தந்தை காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஒரு நகைக்கடை அவர் எண்ணுக்கு இன்னமும் தவறாமல் ‘பல்லாண்டு வாழ்க’ என்று அனுப்புகிறது. பெயரில் எழுத்துப்பிழை இல்லை, அந்த மட்டில் குறை சொல்ல முடியாது.

உங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் கொப்பரைக் களம். வாங்க வருபவர் மனத்தில் இருக்கும் கேள்வியும் உங்களுக்குத் தெரியும்: கொப்பரைக்குக் கந்தகப் புகை போட்டார்களா? பூஞ்சை பிடிக்காமலும் வெளுப்பாகவும் இருக்க அதைப் போடுகிறார்கள். எண்ணெயைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ‘கந்தகம் இல்லை’ என்று பாட்டிலில் எல்லோரும்தான் அச்சடிக்கிறார்கள். ஆகவே ஆளைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கொப்பரை சரியாகக் காயாது. புகை போடாதவருக்கு அப்போது சரக்குத் தட்டுப்பாடு வரும். ஈரமான களத்தைப் படம் எடுத்து, “வெயில் இல்லை, இரண்டு வாரம் தேங்காய் எண்ணெய் கிடையாது, அவசரமென்றால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்” என்று உங்கள் குரலிலேயே பேசி அனுப்புங்கள். விற்பனை கொஞ்சம் போகும்தான். ஆனால் அதைவிடப் பெரிய சாட்சி உங்களிடம் இல்லை.

மார்கழியில் இன்னொரு தலைவலி. 24 டிகிரி செல்சியஸ் வாக்கில் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கிவிடும். ஊட்டி, பெங்களூரு வாடிக்கையாளர்கள் பாட்டிலுக்குள் வெள்ளையாகக் கட்டி நிற்பதைக் கண்டு, மெழுகு கலந்தீர்களா என்று கேட்டிருப்பார்களே? கேட்ட பிறகு சொன்னால் உண்மைகூடச் சமாளிப்பாகத் தெரியும். பார்சலுக்குள் கைப்பட எழுதிய துண்டுச்சீட்டு ஒன்று வையுங்கள்: “குளிரில் உறையும். வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும். நல்லெண்ணெயில் வண்டல் இருந்தால் அசைக்காமல் தெளிவை ஊற்றவும்.”

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப உதவும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைப் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். பதிந்தவர் ஏற்கெனவே உங்களைப் பாதி நம்பிவிட்டவர். அவரிடம் சொல்ல ஏதாவது இருக்கும்போது மட்டும் பேசுங்கள்.

ஒரு நோட்டும் போடுங்கள். ‘கைக்குழந்தை உள்ள வீடு, தேய்க்க எண்ணெய் கேட்டார்’, ‘போன முறை மூடி கசிந்தது’ என்ற அளவில் போதும். அடுத்த பார்சல் போய்ச் சேர்ந்ததும், மூடி கசிந்ததா என்று நீங்களே முந்திக்கொண்டு கேளுங்கள். வியாதி, குடும்பச் சண்டையெல்லாம் நோட்டில் வேண்டாம். கடைக்காரருக்கு அதிகம் தெரிந்துவிட்டால் ஊரார் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்கள்.

விலைக்கு வருகிறேன். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ எள் பிடிக்கிறது, கருப்பட்டி தனி. அன்றைய எள் விலையோடு இந்தக் கணக்கைச் செக்கின் பக்கத்தில் கரும்பலகையில் எழுதிவையுங்கள். புண்ணாக்கு விற்ற காசையும் சேர்த்து எழுதுங்கள். விட்டுவிட்டால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.