பிள்ளையின் மூச்சும் நம் விசுவாசமும் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை நான். இப்போது கண்டியில் ஆஸ்பத்திரியோடு இருக்கிறேன். 29ஆவது வாரத்திலேயே பெண்பிள்ளை பிறந்துவிட்டது. எடை 1 கிலோ 100 கிராம். ஐ.சி.யூ.வில் மூக்கில் குழாய் வைத்து மூச்சு கொடுக்கிறார்கள். "என்ன பாவம் செஞ்சோமோ" என்று மாமி போனில் அழுகிறார். செபக்குழு அக்கா ஒருவர், "முழு விசுவாசம் இருந்தா மெஷின் எதுக்கு?" என்று கேட்டுவிட்டார். ஞானஸ்நானம் கொடுக்க பாதரைக் கூப்பிடவா என்று நர்ஸ் மிஸ்ஸி கேட்டபோது வேண்டாம் என்றேன். கொடுத்தால், பிள்ளை போய்விடும் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே. செபமாலையைக் கையில் எடுத்தால் வார்த்தை வரமாட்டேன் என்கிறது. நான் எப்படிச் செபிப்பது?

(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சி,

மாமியின் கேள்விக்கு யோவான் 9ஆம் அதிகாரத்திலேயே பதில் இருக்கிறது. பிறவியிலேயே பார்வையில்லாதவரைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவரா, பெற்றோரா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இருவருமில்லை என்கிறார் இயேசு. அதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் தோட்டப்புறங்களில்தான் அதிகம் என்று அரசாங்கக் கணக்கெடுப்புகளே சொல்கின்றன. வயிற்றில் பிள்ளையோடும் மலையேறிக் கொழுந்தெடுத்த, இரத்தம் குறைந்த உடம்புகள் நம்முடையவை. பாவத்தைத் தேடித்தான் ஆகவேண்டும் என்றால் அங்கே தேடட்டும். உங்கள் மடியில் தேட வேண்டாம்.

செபக்குழு அக்கா கேட்டது எனக்குக் கோபத்தை வரவழைத்தது. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே ஒரு மெல்லிய படலம் வேண்டும். கருவில் அது 34, 35 வாரமளவில்தான் போதிய அளவு சேரும். உங்கள் மகள் அதற்கு முன்பே வந்துவிட்டாள், அதனால்தான் குழாய். 1963 ஓகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தான். எடை 2 கிலோவுக்கு மேல். கத்தோலிக்கக் குடும்பம், பணம், டாக்டர்மார், செபம் எதற்கும் குறைவில்லை. இதே மூச்சுக் கோளாறில் இரண்டு நாளுக்குள் அந்தப் பிள்ளை இறந்துபோனது. யாருடைய விசுவாசம் குறைந்தது? அன்றைக்கு அதற்கு மருந்து இல்லை, அவ்வளவுதான். 1980இல் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா அந்தப் படலத்தையே மருந்தாக நுரையீரலுக்குள் செலுத்திப் பலன் காட்டினார். அந்தச் சிறுவனின் எடையில் இன்று பிறக்கிறவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குப் போகிறார்கள். பிள்ளையின் மூச்சு உங்கள் விசுவாசத்தின் அளவைப் பார்த்து வருவதில்லை, தங்கச்சி. அப்படி அளந்து மூச்சைக் கொடுக்கிற கடவுளை நான் வணங்கவும் மாட்டேன்.

ஞானஸ்நானம் பற்றிய உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. கட்டிலருகே பாதர் வந்தாலே முடிந்தது என்று அழத் தொடங்குவது நம் வழக்கம். ஆனால் ஞானஸ்நானம் பிறப்புக்குரியது. பெயர் சொல்லி அழைத்து, இவள் எங்களவள் என்று திருச்சபை கையில் எடுத்துக்கொள்வது. 1983இல் வந்த திருச்சபைச் சட்டம், ஆபத்திலிருக்கும் குழந்தைக்குத் தாமதிக்காமல் கொடுக்கச் சொல்கிறது. பாதர் வரமுடியாவிட்டால் யாரும் கொடுக்கலாம். பௌத்தரான ஒரு மிஸ்ஸிகூட, திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்தோடு, தலையில் நீர் வார்த்து, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று சொன்னால் அது முழுமையான ஞானஸ்நானம். கிருமி நீக்கிய தண்ணீர் கொஞ்சம் இருந்தால் போதும். பிள்ளை வீடு வந்தபின் மீதிச் சடங்குகளைக் கோவிலில் செய்துகொள்ளலாம். திரும்ப நீர் வார்ப்பதில்லை. ஆனால் நரக பயத்தில் செய்யாதீர்கள். ஞானஸ்நானமின்றி இறக்கும் குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டென்று வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு 2007இல் எழுதியது. இவள் என் பிள்ளை என்று சத்தமாகச் சொல்வதற்காகச் செய்யுங்கள்.

செபம் வராவிட்டால் 88ஆவது திருப்பாடலைத் திறந்து பாருங்கள். முறையிட்டு முறையிட்டு இருளிலேயே முடிகிறது. வேதத்திலிருந்து அதை யாரும் வெட்டி எறியவில்லை. அதையும் வாசிக்க முடியாவிட்டால் விடுங்கள். ராவும் பகலும் பால் பீய்ச்சிக் கொடுக்கிறீர்களே, அதையே செபம் என்று நான் நம்புகிறேன். குறைமாசப் பிள்ளையின் குடலைக் கடும் நோயிலிருந்து காப்பதில் தாய்ப்பாலுக்கு ஈடில்லை.

இன்னொன்றும் செய்யலாம். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்கியூபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில், டாக்டர் எட்கர் ரே குறைமாசப் பிள்ளைகளைத் தாயின் நெஞ்சில் தோலோடு தோல் படக் கிடத்தினார். கங்காரு முறை என்பார்கள். இன்று உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைக்கிறது. மூக்கில் குழாய் இருக்கும்போதே தொடங்கலாமா என்று கேளுங்கள். வீட்டுக்காரர் வந்தால் அவரும் நெஞ்சில் வைத்திருக்கலாம்.

டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது பிள்ளையின் நிலையைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். தயங்க வேண்டாம், தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழிதான். சிங்களத்தில் சொன்னால், தமிழ் தெரிந்த மிஸ்ஸி ஒருவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். விளங்காததை எனக்கு எழுதுங்கள்; தெரிந்த டாக்டரிடம் கேட்டு அன்றைக்கே பதில் போடுகிறேன்.