சின்னவளை ஏன் அனுப்பினீர்கள்?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. பி.இ. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். இரண்டு வருஷமாகக் கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறான். குளிக்கப் போனால் இரண்டு மணி நேரம். அவன் கேட்கும்போதெல்லாம் "சுத்தமாத்தான் இருக்கு கண்ணு" என்று சொல்லி ஓய்ந்துவிட்டேன். ஓசிடி என்கிறார்கள், ஒரே எண்ணமும் ஒரே செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் மனநோயாம். என் மாமனாரும் ராத்திரி பூட்டைப் பத்து தடவை இழுத்துப் பார்ப்பார். இது மூளைக் கோளாறா, என் வளர்ப்பில் குறையா? பிளஸ் டூ படிக்கும் சின்னவள், காலையில் பாத்ரூம் கிடைக்காததால் என் அம்மா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். அவளால் ஒரு தொந்தரவும் இல்லை. இவனை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: சின்னவளைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பெண், சொந்த வீட்டில் குளிக்க முடியாமல் பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவள் வாய் திறக்கவில்லை என்பதால் அவளுக்கு வலிக்கவில்லை என்று நீங்களாக முடிவு செய்துவிட்டீர்கள். அடம் பிடிக்காத பிள்ளையின் பங்கை எடுத்து இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பதை நான் பாசம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு பேரையும் பெற்றது நீங்கள்தான்.

சரி, அவள் போனதால் அவனுக்காவது குணமாகியிருக்கிறதா? இல்லை. ஆகவும் ஆகாது. நீங்கள் கேட்ட மூளை விஷயம் இங்கேதான் வருகிறது.

கண்களுக்கு மேலே, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி 'ஏதோ தப்பு' என்று எச்சரிக்கும். மூளையின் ஆழத்தில் உள்ள காடேட் என்ற பகுதி, அதில் வேண்டாததை வடிகட்ட உதவும். தலாமஸ் என்ற இன்னொரு மூளைப் பகுதி வழியாகச் செய்தி மறுபடி முன்பகுதிக்கே வரும். ஓசிடி உள்ளவர்களுக்கு இந்த வட்டம் அளவுக்கு மீறி ஓடுகிறது. காலிங் பெல் ஸ்விட்ச் உள்ளே சிக்கிக்கொண்டால், கதவைத் திறந்து பார்த்த பிறகும் மணி அடித்துக்கொண்டே இருக்குமே, அப்படி. கை சுத்தமாகிவிட்டது என்று அவனுக்கே தெரியும். 'போதும்' என்ற உணர்வுதான் வருவதில்லை. திமிர் என்றோ சோம்பேறித்தனம் என்றோ யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பிள்ளை படும் பாடு சாதாரணமானதல்ல.

கழுவியதும் பதற்றம் கொஞ்சம் இறங்கும். இறங்கிய ருசியை மூளை பிடித்துக்கொள்ளும். அடுத்த தடவை இன்னும் அழுத்தமாகக் கழுவச் சொல்லும். நீங்கள் சொல்கிற "சுத்தமாத்தான் இருக்கு கண்ணு" அவனுக்கு இன்னொரு தடவை கழுவிய மாதிரிதான். சின்னவள் விட்டுக்கொடுத்த பாத்ரூமும் அதே வேலையைத்தான் செய்கிறது. நோய் கேட்டதையெல்லாம் வீட்டில் உள்ளவர்களே செய்துகொடுப்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995-லேயே எழுதிவிட்டார்கள். பெரும்பாலான குடும்பங்கள் இதைத்தான் செய்கின்றன. எவ்வளவு அதிகம் செய்கிறார்களோ அவ்வளவு நோயும் கடுமையாக இருப்பதைப் பிறகு வந்த பல ஆய்வுகளும் பார்த்திருக்கின்றன.

வளர்ப்புக் குறையால் ஓசிடி வராது. அந்தக் குற்ற உணர்ச்சியை இன்றோடு விடுங்கள். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், பரம்பரையின் பங்கு ஏறக்குறைய பாதி என்று தெரிகிறது. மாமனாருக்கு இருந்ததும் இதுதானா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். (மாமனாரைப் பற்றி எழுதினீர்கள். உங்கள் கணவர் இதில் எங்கே இருக்கிறார்? இது நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டியதல்ல.)

மூளைக் கோளாறு என்றதும் இனி ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். 1992-ல் லாஸ் ஏஞ்சலஸில் லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர் நோயாளிகளை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். சிலருக்கு மாத்திரை, சிலருக்குப் பயிற்சி மட்டும். குணம் தெரிந்தவர்களுக்கு, இரண்டு வகையிலுமே, காடேட்டின் மிதமிஞ்சிய வேலை குறைந்திருந்தது. அந்தப் பயிற்சி இதுதான்: அருவருப்பாகத் தோன்றுவதைத் தொட வேண்டும், கழுவாமல் இருக்க வேண்டும், பதற்றம் தானாக இறங்கும்வரை பொறுக்க வேண்டும். இந்தப் பயிற்சியைக் கொடுக்கத் தெரிந்த மனநல நிபுணர் துணையோடு, படிப்படியாக.

ஆகவே, முதலில் சின்னவளைக் கூட்டி வாருங்கள். அதற்கு முன்னால் நீங்களும் கணவரும் மகனோடு உட்கார்ந்து பேசுங்கள். காலையில் இந்த அரை மணி நேரம் பாத்ரூம் தங்கைக்கு என்று நேரம் குறித்துச் சொல்லுங்கள். கோபப்படுவான், அழுவான். கத்தாதீர்கள், இறங்கியும் வராதீர்கள். மற்றதையெல்லாம் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். டாக்டரைக் கேட்டு ஒவ்வொன்றாகக் குறையுங்கள். சாக வேண்டும் போலிருக்கிறது என்று எப்போதாவது சொன்னால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்தால் இலவசமாகத் தமிழிலேயே பேசுவார்கள். மாத்திரை கொடுத்தால், பலன் முழுதாகத் தெரிய 10, 12 வாரம்கூட ஆகும். நடுவில் நீங்களாக நிறுத்தாதீர்கள். அவன் வர மறுத்தால் முதல் தடவை நீங்களும் கணவரும் மட்டும் போங்கள். இந்த இரண்டு வருஷத்தில் வீட்டில் என்னென்ன மாற்றிக்கொண்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.